அப்பாவை ஐஸில் வைத்த வெள்ளிக்கிழமை

துயர் பகிர்வு. படகுத் துறையின் மூன்றாம் மரப்பாலத்து அடியைப் பிறப்பிடமாகவும், அதே பாலத்து அடியையே வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் பார்ஷ் அவர்கள் கடந்த வெள்ளிக்கிழமை முற்பகல் ஐஸின் மேல் காலமானார். அன்னார் முதுகில் கறுப்புக் கோடுகளும் வயிற்றில் செந்நிறச் செட்டைகளும் உடையவர், சட்டிக்கு அளவானவர், புழுவை விரும்பி உண்பவர். அந்த விருப்பமே அவருக்கு வினையாயிற்று. இறுதிக் கிரியைகள் மறுநாள் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் குசினியில் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் சூழ நடைபெற்றன. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மலர்வளையங்களைத் தவிர்க்கவும். பாண் கொண்டு வரலாம்.

மகனே, செய்தி இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன மீனால்தான் நான் இந்த ஆவணியில் வீட்டை விட்டுப் போகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீ இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பதினேழு வயது. உன் அம்மா யாரென்று எனக்கும் தெரியாது, பாவம், அவவுக்கும் தெரியாது. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்குப் பெற்றோர் பிள்ளைக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி ரீச்சர் கேட்டா. என் வகுப்பில் உள்ளவர்கள் தங்கள் அப்பாமாராக மாறித் தங்களுக்குத் தாங்களே புத்திமதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சாமான் வீட்டில் தாராளமாகக் கிடைக்கிறது, எழுதி வேறு வாங்கத் தேவையில்லை. ஆகவே நான் முறைப்படி என் மகனுக்கே எழுதுகிறேன். இதை நீ வாசிக்கும்போது உனக்கும் மீசை அரும்பியிருக்கும், நாங்கள் இருவரும் எதற்காகவோ சண்டை பிடித்திருப்போம். அந்தச் சண்டையில் நீ என்ன செய்ய வேண்டும் என்பதை, நான் இன்னும் உன் பக்கம் நிற்கிற வயதிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நான் கட்சி மாறிவிடுவேன்.

எங்கள் சண்டை ஒரு கையெழுத்துக்காக. பக்கத்து ஏரியில் மீன் பிடித்தும் குளங்களில் மீன் வளர்த்தும் விற்கிற ஒரு பண்ணையில் எனக்கு அவுஸ்பில்டுங் கிடைத்தது. மூன்று வருடத் தொழிற்பயிற்சி, அங்கேயே தங்கி. பரீட்சார்த்தமாக ஒரு கிழமை அங்கே நின்று, வலை கழுவி, குஞ்சுத் தொட்டிகளைத் துடைத்து, ஒருவரும் கேட்காமலே இன்னொரு கிழமை நின்றதால் கிடைத்தது. ஆனால் பதினெட்டு ஆகாதபடியால் ஒப்பந்தத்தில் அம்மா, அப்பா இருவரும் கையெழுத்திட வேண்டும். அம்மா பருப்பைக் கிண்டிக்கொண்டே போட்டுவிட்டா. “எஞ்சினியரைப் பெத்த வீடுகளிலை போய்ப் பார், ஒருத்தரும் குசினிக்குப் பிரியோசனமாய் ஒண்டும் கொண்டு வாறேல்லை” என்றது அவவின் நியாயம். அப்பா பேனையைத் தொடவில்லை.

“எஞ்சினியரிங், இல்லாட்டி இன்ஃபோர்மாட்டிக். ரெண்டிலை ஒண்டைச் சொல்லு.”

“மீன்.”

“மீனிலை என்னடா படிக்கக் கிடக்கு?”

“தண்ணி, வருத்தம், குஞ்சு பொரிக்க வைக்கிறது, வலை, வள்ளத்து மோட்டர். பிறகு விக்கிறது.”

“விக்கிறதோ? சந்தையிலை நிண்டோ?”

“ஓம். தராசு தருவினம்.”

அப்பா கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்கிறவர். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை, குரல் இறங்கும். அன்றைக்கு நன்றாக இறங்கியது. “எங்கடை ஆக்கள் மீன் வாங்கிற ஆக்கள், தம்பி. பிடிக்கிற ஆக்கள் இல்லை” என்றார்.

அம்மா கிண்டுவதை நிறுத்தினா. நான் கேட்டேன்: “ஆரப்பா எங்கடை ஆக்கள்? இந்தக் கட்டடத்திலை தமிழ் எண்டு நாங்கள் மூண்டு பேர்தான். அதிலை நான் பிடிக்கப் போறன். அம்மா கையெழுத்து வைச்சிட்டா. மிச்சம் நீங்கள் ஒராள்தான் எங்கடை ஆக்கள்.” அவர் எழும்பிப் போய்விட்டார்.

மகனே, அந்த வசனத்தை நன்றாகப் பார்த்துக்கொள். அப்பா இந்த ஜேர்மனிக்கு வர எத்தனை கதவு தட்டினார், எந்தெந்த முகாமில் இருந்தார், எத்தனை தரம் விசாரித்தார்கள் என்றெல்லாம் எனக்குக் கதை கதையாகத் தெரியும். ஆனால் அவருடைய பைக்குள் இருந்த இந்த வசனம் அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்காமல், விசாரணை இல்லாமல், ஒரு முத்திரையும் குத்தாமல் உள்ளே வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. தொழிற்சாலையில் யாராவது அவரை ‘உங்கள் ஆட்கள்’ என்று தொடங்கினால் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு சாப்பிடமாட்டார். அதே வாய்தான் இதையும் சொன்னது. இதற்கு நான் பணிந்து போகப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மீனில் எனக்கு எவ்வளவு ஆசை இருந்ததோ, அந்த வசனத்தைக் கேட்ட பிறகு அது இரண்டு மடங்காயிற்று.

முதலில் அப்பாவுக்கு ஐஸ் வைத்துப் பார்த்தேன். காரைக் கழுவினேன், குப்பையைக் கேட்காமலே கொண்டுபோய்ப் போட்டேன், அவர் சொல்கிற பழைய பகிடிகளுக்குப் புதிதாகச் சிரித்தேன். உருகவில்லை. சரி, அப்பாவுக்கு ஐஸ் வைத்து வேலையில்லை என்றால் அப்பாவையே ஐஸில் வைப்போம் என்று நினைத்தபோதுதான் மாசி மாதக் குளிர் எனக்காகவே வந்து இறங்கியது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் சிறிய படகுத் துறை ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் பாய்க்கப்பல்களையெல்லாம் கரையில் தூக்கி வைத்து மூடிவிடுவார்கள்; தண்ணீரில் பாலங்களும் கட்டைகளும் மட்டும் நிற்கும். குளிருக்கு ஆழம் தேடி மீன்கள் அந்தக் கட்டைகளின் அடியில் வந்து கூடும். அந்தத் தண்ணீர் மேலே ஆள் நிற்கத் தக்க அளவுக்கு உறைவது அபூர்வம். இந்த முறை உறைந்தது. மீன்பிடிச் சங்கம் ஐஸை அளந்து பார்த்துவிட்டு, அனுமதி அட்டை உள்ளவர்கள் துறைக்குள் மட்டும் துளை போட்டுப் பிடிக்கலாம் என்று அறிவித்தது. என்னிடம் மீன்பிடிப் பரீட்சை பாஸான அட்டை இருக்கிறது. இந்த நாட்டில் பரீட்சை எழுதாமல் தூண்டிலைத் தண்ணீருக்குக் காட்டவும் கூடாது.

அறிவித்தலைக் கண்டதும் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சரி. ஒண்டு செய்வம். நீயே பிடி. நீயே அடிச்சுக் கொல்லு. நீயே வெட்டிச் சட்டிக்குப் பதமாய்க் குடு. ஒருத்தற்றை கையும் படக்கூடாது. நான் பக்கத்திலை நிண்டு பாப்பன். செய்து காட்டினாயெண்டால் கையெழுத்து. இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு அபிட்டூர்ச் சோதனை, பிறகு யூனிவேர்சிற்றி.”

“சத்தியமோ?”

“நான் ஒருக்காச் சொன்னால் சொன்னதுதான்.”

வெள்ளியும் சனியும்தான் இருந்தன; ஞாயிறு மழை என்றார்கள். நான் வெள்ளியைக் கேட்டேன். மகனே, இந்த இடத்தில் உன் அப்பனின் மூளையைக் கொஞ்சம் நின்று பார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். அம்மாவுக்கு அது பழக்கம், அப்பாவுக்கு அது உயிர். முருகனுக்கு வைத்த நேர்த்தி. மச்சம் சாப்பிடுவது கிடக்கட்டும், வெள்ளியில் கையாலும் தொடமாட்டார். தொழிற்சாலைக் கன்ரீனில் மீன் பொரித்த கரண்டியால் உருளைக்கிழங்கு எடுத்துப் போட்டார்கள் என்று ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கிழிக்கிற நாட்காட்டியில் சனிக்கிழமைத் தாளின் மேல் முதல்நாள் வெள்ளித் தாளைப் பசை பூசித் திரும்ப ஒட்டிவிட்டேன். ஷிப்ட் மாறி மாறி அவருக்கு நாள் குழம்புகிற காலம் அது. அன்று பின்னேரம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வரிசையாய்ப் போக, மனிதர் கடலைக் கோப்பையோடு ஒரு மூலையில் இருந்தார். “என்ன அண்ணை, சனிக்கிழமையும் விரதமோ?” என்று வீட்டுக்காரர் கேட்டதும் அவர் திரும்பி நேராக என்னைத்தான் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். “பரவாயில்லை, முருகனுக்கு ஒருநாள் அட்வான்ஸ்” என்று சொல்லிவிட்டு மிச்சக் கடலையையும் சாப்பிட்டார்.

ஆகவே வெள்ளியில் அவரால் தூண்டிலையோ மீனையோ தொடவே ஏலாது. ‘நான் கைகொடுத்ததால்தான் முடிந்தது’ என்று பிறகு ஒரு சாட்டும் சொல்ல முடியாது. இதை நான் அவரிடமே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “நல்லாத்தான் யோசிச்சிருக்கிறாய்” என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அரையாண்டு விடுமுறை நாள், பகல் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போனோம். அப்பா நெற்றி நிறைய விபூதி பூசி, அதன்மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டிருந்தார். ஐஸில் முதல் காலை வைத்ததும் என் ஜக்கற்றைப் பிடித்துக்கொண்டார். எங்கோ தூரத்தில் ஐஸ் முறுகிச் சத்தம் போட்டது, யாரோ பெரிய ஜக்கற் சிப் ஒன்றை ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இழுத்ததுபோல.

“என்னடா அது?”

“ஐஸ் கதைக்குது, அப்பா. கதைக்காட்டித்தான் பயப்பிட வேணும்.”

“அதுவும் உன்னைப் போலத்தான் எண்டு சொல்லு.”

சங்கத்தில் இரவல் வாங்கிய கருவியால் சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் துளை போட்டேன். மேலே மிதக்கிற ஐஸ் துண்டுகளை அள்ள, அம்மா வடை வடித்தெடுக்கிற ஓட்டைக் கரண்டியைக் கொண்டுவந்திருந்தேன். அதைக் கண்டதும் அப்பாவின் முகம் போன போக்கைச் சொல்ல ஏலாது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து, கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்துத் துளையில் ஃபிரவு ஹான்சன் என்று எழுபது தாண்டிய ஒரு மனுசி, முழங்கால்வரை போர்வையோடு இருந்தா. உங்களுக்குத் தூண்டில் இல்லையா என்று அப்பாவைக் கேட்டா. இன்றைக்கு வெள்ளி, நான் மீன் தொடமாட்டேன் என்று அப்பா தன் ஜேர்மனில் விளக்கினார். மனுசிக்கு ஆச்சரியம். வெள்ளிக்கிழமைதானே மீன் சாப்பிடுகிற நாள், தன் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றா. அப்பா, எங்கள் வீட்டில் வெள்ளி மீனுக்கு விடுமுறை என்றார். மனுசி சிரித்த சிரிப்பில் துறையில் இருந்த மீன் எல்லாம் ஓடியிருக்கும் என்று எனக்குப் பயம்.

ஓடவில்லை. தூண்டிலில் புழுவைக் கோர்த்து, ஈயக் குண்டை அடிவரை இறக்கி, கொஞ்சம் தூக்கி, விரலால் மெல்லத் தட்டித் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குளிரில் கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன. அப்பா இடையிடையே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தேத்தண்ணி ஒப்பந்தத்தில் இல்லை, அனுமதித்தேன். பிறகு அந்தக் குட்டித் தூண்டிலின் நுனி ஒருதரம் குனிந்தது, யாரோ கீழேயிருந்து ‘ஓம்’ என்று தலையாட்டியதுபோல. இழுத்தேன். மேலே அறிவித்த திருவாளர் வந்து சேர்ந்தார். இங்கே சட்டம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிற விளையாட்டுக் கிடையாது. சாப்பிடத்தான் பிடிக்கலாம், பிடித்தால் துடிக்க விடாமல் உடனே தடியால் தலையில் அடித்து மயக்கி, நெஞ்சில் கத்தி இறக்க வேண்டும். அது நடந்தது. தடி, கத்தி, எல்லாம் ஒழுங்கு முறைப்படி. கை நடுங்கவில்லை. அதன் பிறகு இன்னும் இரண்டு வந்தன, அவையும் அப்படியே. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அவ்வளவு சுத்தம்.

வீட்டு வாசலில் அம்மா கையை நீட்டி மறித்தா. “வெள்ளியிலை அது உள்ளுக்கு வரப்படாது. அந்தக் கரண்டியும் வரப்படாது. கரண்டி இனி எந்த நாளும் வரப்படாது.” மீன்கள் பையோடு இரவு முழுக்கப் பல்கனியில் தொங்கின, வெளியே குளிரூட்டியை விடக் குளிர். சனி காலை பல்கனியில் பேப்பர் விரித்து நானே வெட்டினேன். பார்ஷ் என்கிற இந்த மீனின் செதிள் சும்மா வராது; முதுகு முள் இரண்டு இடத்தில் என் கையைப் பதம் பார்த்தது. அம்மா குழம்பு வைத்தா. அப்பா முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பை ஓரத்தில் அடுக்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.

“ஈரத்துக்குள்ளை நிக்கிற வேலையோ?”

“ஓம்.”

“நல்ல சப்பாத்துத் தருவினமோ?”

“தருவினம்.”

கையெழுத்து விழுந்தது. ஆகவே மகனே, உன் அப்பன் வென்றான். தன் அப்பாவை எதிர்த்து, ஏரி ஐஸின் மேல், வெள்ளிக்கிழமையில், ஒருவர் கையும் படாமல் வென்றான். உனக்கு நான் சொல்ல வருவதும் அதுதான். நீ எதைக் கேட்டு வருவாய் என்று எனக்குத் தெரியாது. நீ எஞ்சினியராகப் போகிறேன் என்று சொல்லி, ‘எங்கடை ஆக்கள் மீன் பிடிக்கிற ஆக்கள்’ என்று நான் மறிக்கிற நாளும் வரலாம். மறித்தால் இந்த மலரை என் முகத்துக்கு நேரே பிடி. ‘எங்கடை ஆக்கள்’ என்று நான் எந்த வசனத்தைத் தொடங்கினாலும் அதை முடிக்க விடாதே. நீ கலியாணம் செய்யப் போகிற ஆளைப் பற்றித் தொடங்கினாலும் சரி, நீ செய்யப் போகிற வேலையைப் பற்றித் தொடங்கினாலும் சரி, எழும்பி நின்று கேள்: ஆரப்பா அது? பதில் வராது. எனக்கு வரவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டாரே தவிர, அந்த வசனத்தைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் மறக்கவில்லை. சந்தையில் தராசோடு நிற்கும்போது அவரைக் கூப்பிடுவேன், எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் எல்லாரும் வருகிற சனிக்கிழமையில் கூப்பிடுவேன். வராவிட்டால் அவர் பெயரைக் கடைக்கு வைப்பேன்.

இவ்வளவு எழுதிவிட்டு ரீச்சரிடம் கொடுக்கப் போனேன். கொடுக்க முடியவில்லை. இதை அப்பா வாசிப்பார். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார் என்பதுதான் பிரச்சினை.

கை நடுங்கவில்லை என்று எழுதினேன். என் கை நடுங்கவில்லை, உண்மை. அது தடியைத் தூக்கவே இல்லை. மீன் ஐஸில் விழுந்து துள்ளியது. நான் தடியை எடுத்தேன், அது வாயைத் திறந்து மூடியது, என் கை கீழே போயிற்று. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. பண்ணையில் நின்ற நாட்களிலும் அந்தப் பக்கம் போகாமல் வலை கழுவியே ஒப்பேற்றியிருந்தேன். ஃபிரவு ஹான்சன் தன் துளையை விட்டு எழும்பத் தொடங்கினா. அதற்குள் அப்பா கக்கத்திலிருந்து கையை எடுத்தார். விபூதிக் கையால் மீனை அமத்திப் பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வாழ்நாளில் உயிரோடு ஒரு மீனைத் தொட்டதில்லை, வாங்குகிற ஆள்தானே.

“எங்கை அடிக்கிறது? கெதியாச் சொல்லு.”

“கண்ணுக்குக் கொஞ்சம் மேலை. ஒருக்கா. பலமா.”

“பிறகு?”

“செவுளுக்குப் பின்னாலை, கீழ்ப்பக்கம், கத்தி.”

இதை நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் சொன்னேன். மூன்று மீனுக்கும் அப்படியே நடந்தது. திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: “அப்ப கையெழுத்து இல்லை, என்ன?” அவர் காரைச் சந்தி தாண்டி எடுத்தார். “அது துடிச்சுக்கொண்டெல்லோ கிடந்தது. அதுக்கு வெள்ளி தெரியுமே” என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போய், “நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சரியாத்தான் சொன்னனி” என்றார். வீட்டுக்கு வந்ததும் சாமி அறைப் பக்கம் போகாமல் நேரே குளியலறைக்குள் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார். சும்மா பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு என்னத்துக்கு இந்தத் தோய்ச்சல் என்று அம்மா கேட்கவில்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தா.

ஆவணிக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் பழகிவிடுவேன் என்று நினைக்கிறேன். மூன்றாவது மீனுக்கு நான் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். இடது கண். அதுவும் பாதி.